முன்னால் யானை, பின்னால் பூனை

சைக்கிளைக் காணோம் என்று வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சைக்கிளின் முன் சக்கரத்தை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு மாடியேறி வந்த பெண்ணை அந்தச் சனிக்கிழமை காலையில்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

வடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். 'சந்திரகலா துப்பறியும் நிலையம்' என்று போர்டு இருக்கும். சந்திரகலா அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். நெய்வேலி மைன்ஸ் ஸ்டோரில் பதினோரு வருஷம் கிளார்க்காக இருந்தவர். எந்தப் பெட்டியில் போல்ட் குறைகிறது என்று பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடுவாராம். பர்மனென்ட் வேலையை உதறிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்ததால் டவுன்ஷிப்பில் பாதிப் பேர் அவரைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் அதைச் சத்தமாகவே சொல்கிறார்கள்.

நான் கலியமூர்த்தி, அவருடைய உதவியாளன். எங்கள் வீடு இருந்த இடம் இப்போது அந்தரத்தில் இருக்கிறது. கீழே இருந்த மண்ணைத்தான் மைன்ஸுக்கு வெட்டி எடுத்துவிட்டார்களே. எதையும் தோண்டிப் பார்க்கிற புத்தி எனக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

"என்னங்க, மீதி சைக்கிளு படியில ஏறிக்கினு இருக்குதா?" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

அவள் சிரிக்கவில்லை. சக்கரத்தை மேசைமேல் வைத்தாள்.

"இந்த டயருதாங்க எங்க வூட்டுக்காரர திருடனாக்கினு இருக்குது."

அவள் பெயர் சாமியம்மாள். புருஷன் பெயரைக் கேட்டால் வாய் திறக்கவில்லை.

"அந்த மலை மேல நிக்கிற சாமி பேருங்க. கையில கூட ஒண்ணு வெச்சிருப்பாரே..."

"பழனிவேலா?"

"அதாங்க."

விஷயம் இதுதான். பழனிவேல் மைன்ஸில் காண்ட்ராக்ட் ஆள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு டவுன்ஷிப்பிலிருந்து வடலூர் வந்து திரும்பும் சைக்கிள் போட்டி. முதலில் வருகிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பர்மனென்ட் வேலை. பழனிவேல் சாதா வண்டியிலேயே எல்லாரையும் ஓரங்கட்டுகிற ஆள். முதல் இடம் அவனுக்கா, ரேஸ் சைக்கிள் வைத்திருக்கும் ஜெயராமனுக்கா என்பதுதான் ஊர்ப்பேச்சு. இந்த நேரத்தில், வியாழக்கிழமை பகலில், போட்டி நடத்துகிற முல்லை மனமகிழ் மன்றத்தில் ஜன்னல் உடைந்து கிடந்தது, உள்ளே இருந்த வெள்ளிக் கப்பைக் காணோம். காலையில் பெய்த தூறலில் நனைந்திருந்த செம்மண்ணில் ஒரு டயர்த் தடம் மட்டும் இருந்தது. அதில் ஏழடிக்கு ஒரு தரம் தையல் போட்ட அடையாளம்.

மேசைமேல் இருந்த டயரில் ஓரிடத்தில் கிழிசல். சணல் நூலால் ஆறு தையல். ஊரிலேயே இந்தத் தையல் ஒருவனுக்குத்தான் உண்டாம்.

"செக்ரட்டரி சக்கரபாணி சாரு லிஸ்டுல இவரு பேர செவப்பு மையால அடிச்சிட்டாரு. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இவரு எடுக்கலேன்னு நிரூபிச்சா சேத்துக்குவாங்களாம். திங்கக்கிழம போலீஸாம்" என்றாள் சாமியம்மாள். "ஒம்போது வருசமா காண்ட்ராக்ட்டுங்க. இந்த ஒரு வழிதான் எங்களுக்கு."

"வியாழக்கிழமை பகல்ல அவர் எங்க இருந்தார்?" என்று கேட்டார் அக்கா.

சாமியம்மாள் தரையைப் பார்த்தாள். "அத மட்டும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"வேற ஒருத்தர் பேர்ல ஷிப்டுக்கு இறங்கினாரா?"

அவள் விசுக்கென்று நிமிர்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

மைன்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காண்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு நாள் வராவிட்டால் அடுத்த வாரம் இடம் இருக்காது. அதனால் ஒருத்தன் வீட்டில் நோவு நொடி என்றால் இன்னொருத்தன் அவன் பெயரில் இறங்கிவிடுவான். தலை எண்ணிக்கை சரியாக இருக்கும். வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும்.

"பரமசிவம்னு கூட்டாளிங்க. அவரு பொஞ்சாதிக்குப் பிரசவம். இவருக்கு அன்னிக்கு லீவு. அதனால அவரு பேர்ல இவரு காலைல ஆறு மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் உள்ளதான் இருந்தாரு. சொன்னா பரமசிவத்தண்ணன் பொழப்பு போயிடும்னு வாய மூடிக்கினு இருக்காருங்க."

"சைக்கிள்?"

"மைன்ஸ் சைக்கிள் ஸ்டாண்டுல. பூட்டி."

அக்கா சக்கரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு சுற்று சுற்றினார்.

"கலியமூர்த்தி, இது எந்த மாதிரி பிரேக் வண்டியோட சக்கரம்?"

"சாதா வண்டிதாங்க்கா. கம்பி பிரேக்கு."

"கம்பி பிரேக் ரிம்ம எங்க பிடிக்கும்?"

"உள்பக்கமா. போக்ஸ் கம்பி பக்கத்துல, ரெண்டு கட்டையும் கீழேர்ந்து மேல இழுத்துப் புடிக்கும்."

"அங்க தேஞ்சிருக்கு, சரி. வெளிப்பக்கம், ரெண்டு விலாவுலயும் கறுப்பா ரப்பர் ஈஷியிருக்கே, இங்க யாரு பிடிச்சா?"

"பாசமா யாராவது புடிச்சிருப்பாங்க."

"பாசத்துக்கு எப்பவும் ரெண்டு பக்கமும் ஒரே அளவா கறை இருக்காது. கிளம்பு" என்றார் அக்கா.

சக்கரத்தை என் தோளில் மாட்டிவிட்டார்கள். அன்று முழுக்க அது என் தோளிலேயேதான் இருந்தது.

*

மொபெட்டில் மன்றத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து. சாமியம்மாள் பஸ்ஸில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். செக்யூரிட்டி ஆபீசர் சங்கரலிங்கம் கேட்டைப் பூட்டி, இரண்டு நாளாக விட்டு விட்டுப் பெய்த தூறலில் அழியாமல் தடம் நெடுகத் தகரம் கவிழ்த்து வைத்திருந்தார். மீசையையும் ரெஜிஸ்டரையும் தவிர வேறெதையும் நம்பாத மனிதர்.

"ஸ்டோர்ல இருந்தப்பவே நீங்க கேள்வி கேட்டா பதில் சொல்லி மாளாது" என்று சொல்லிக்கொண்டே தகரங்களைத் தூக்கினார். "பாருங்க. தையல். இன்னும் என்னம்மா வேணும்?"

நேர்த்தடம். அகலமான டயர். நடுவில் ஒரு மெல்லிய கோடு ஓடியது.

"நடுவுல இந்தக் கோடு?"

"டயர் டிசைன்."

நான் தோளிலிருந்த டயரைப் பார்த்தேன். அதில் அப்படி ஒரு டிசைனும் இல்லை. டயர் அவ்வளவு தேய்ந்திருந்தது. அக்கா அதற்குள் தடத்தோடேயே நடந்து, கேட்டுக்குப் பக்கத்தில் தடம் திரும்புகிற இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க வா. நேரா போறப்போ பின் சக்கரம் முன் சக்கரத்தோட தடத்து மேலயே ஏறிப்போகும். திரும்பறப்போ?"

"பின் சக்கரம் உள்பக்கமா குறுக்கால வரும்."

"வந்திருக்கா?"

வந்திருந்தது. வெளிவட்டத்தில் தையல் போட்ட தடி டயர். உள்வட்டத்தில் விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிய டயர்.

"அட, முன்னால யானை, பின்னால பூனையா! இப்பிடியும் ஒரு வண்டி இருக்குமாக்கா?"

"வியாழக்கிழமை மட்டும் இருந்திருக்கு."

சங்கரலிங்கம் குனிந்து பார்த்தார். மீசையைத் தடவினார்.

அந்த நேரம் பார்த்துச் செக்ரட்டரி சக்கரபாணி வந்து சேர்ந்தார். ஆள் வருகையைக் குறிக்கிற டைம் ஆபீஸில் கிளார்க், ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடி. வெள்ளைப் பேண்டில் முழங்காலுக்குக் கீழே செம்மண் புள்ளி புள்ளியாகத் தெறித்திருந்தது. நேர் ஹேண்டில் வைத்த பச்சை சைக்கிள், பின்னால் கேரியர், கேரியரில் டிபன் பாக்ஸ். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் சர்ர், சர்ர் என்று எதிலோ உரசிக்கொண்டு வந்தது.

"எண்ணெய் போடக் கூடாதுங்களா சார்? வண்டி அழுவுதே" என்றேன்.

"நேரம் எங்கப்பா? நாளைக்குப் போட்டி. இந்தக் கப்பு வேற போச்சு." அவர் சாமியம்மாளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எனக்கு மட்டும் சந்தோஷமாம்மா? உங்க வீட்டுக்காரர் வியாழக்கிழமை எங்க இருந்தார்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடிச்ச பேரை நானே எழுதறேன்."

நல்ல மனிதர் என்று நினைத்தேன். என் மூளையை அடகு வைத்தால் எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான் என்று அக்கா அடிக்கடி சொல்வது இதற்காகத்தான்.

*

மைன்ஸ் சைக்கிள் ஸ்டாண்டில் ஐந்நூறு சைக்கிள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளை டோக்கன். காவலுக்கு இருந்த அய்யாசாமி, மைன்ஸ் தலைவரே வந்தாலும் டோக்கன் இல்லாமல் வண்டியை விடமாட்டார்.

"வியாழக்கிழமை பழனிவேல் சைக்கிள் ரெண்டு மணிக்கு முன்னால வெளிய போச்சா?" என்று கேட்டார் அக்கா.

"போகல. டோக்கன் வரல, வண்டி போகல. என் ஸ்டாண்டுல அப்படி நடக்காதும்மா."

"சக்கரம் போச்சா?"

அய்யாசாமி விழித்தார். "சக்கரமா? சக்கரத்துக்கு ஏது டோக்கன்? பஞ்சர்னு தினம் நாலு பேரு கழட்டிக்கிட்டுப் போவாங்க, ஒட்டிக்கிட்டு வந்து மாட்டுவாங்க. அதையெல்லாம் யாரு கேக்கப் போறா?"

"இந்தச் சக்கரம்?"

நான் தோளைத் திருப்பிக் காட்டினேன். தையலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆமா, இதேதான்! ஒம்பதரைக்குப் போச்சு, ஒரு மணிக்கு வந்துச்சு."

"யார் கொண்டு போனா?"

"தூறல் போட்டுச்சுல்ல? தலையில துண்டு. முகத்த நான் பாக்கலம்மா, சக்கரத்தத்தான் பாத்தேன்."

"நாளைக்கு உங்கள வெச்சு அடையாள அணிவகுப்பு நடத்துனா ஆளுக்குப் பதிலா சக்கரத்ததான் நிறுத்தணும்" என்றேன். அய்யாசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குள் அக்கா மொபெட்டைக் கிளப்பிவிட்டார்.

*

"நமக்கு இப்போ ஒரு சைக்கிள் வாங்கணும்" என்றார் போகும் வழியில்.

மெயின் பஜாரில் தனகோட்டி சைக்கிள் கடை. தனகோட்டி ஒரு ரிம்மை ஸ்டாண்டில் மாட்டிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. யாருக்குங்க வண்டி?"

"எனக்குத்தான். ரேஸ் வண்டி மாதிரி எடையில்லாம வேகமா போகணும். பிரேக் ரிம்மப் பிடிக்கிற கேபிள் பிரேக்கா இருக்கணும். ஆனா நான் போற ரோடு ஜல்லி ரோடு. அதனால தடி டயர் போடணும்."

தனகோட்டி என்னைப் பார்த்தார். "பொண்ணு செவப்பா இருக்கணும், வெயில்ல வேலையும் செய்யணும், அப்பிடித்தானே?"

"இருந்தா சொல்லுங்க அண்ணே. எனக்கும் பாத்துக்கினு இருக்காங்க" என்றேன்.

அவர் வேலையை விட்டு எழுந்து வந்தார். தொழிலில் ஆசையுள்ள மனிதர், கேட்டுவிட்டால் நிறுத்தமாட்டார்.

"தடி டயர் போடணும்னா மூணு எடத்த பாக்கணும்ங்க. முன் சக்கரத்த தாங்கற கவட்டக் கம்பி, போர்க்கு, அதுக்கு நடுவுல டயரு பூந்து ரெண்டு பக்கமும் வெரலு போவணும். போர்க் தலைக்கும் டயருக்கும் நடுவுல மேல எடம் இருக்கணும். அப்புறம் இந்த கேபிள் பிரேக்கு இருக்குதே, ரெண்டு கையால டயர சுத்தி வந்து ரிம்மோட வெலாவப் புடிக்கிறது. கை குட்டையா இருந்தா தடி டயர தாண்டி எட்டாது, டயரு மேலயே முட்டிக்கினு நிக்கும். ரேஸ் வண்டில மூணுமே இறுக்கமா இருக்கும். காத்துகூட கேட்டுக்கினுதான் உள்ள போவும்."

"அப்போ இப்படி ஒரு வண்டியே கிடையாதா?"

"உண்டுங்க. வெளிநாட்டுக்காரன் செய்வான். அவன் ஊருல மழ ஜாஸ்தி. வேகமான வண்டிக்கும் மட்கார்டு மாட்ட எடம் வுட்டு செய்வான். அந்த மட்கார்ட கழட்டிட்டா அந்த எடத்துல தடி டயரு ஜம்முனு உக்காரும். பிரேக் கட்டைய மட்டும் தூக்கி எறக்கிக்கணும். ஏன்னா சாதா ரிம்மு ரேஸ் ரிம்ம விட ஒரு நூலு பெருசு."

"டவுன்ஷிப்புல அப்படி வண்டி யார்கிட்ட இருக்கு?"

"ரேஸ் வண்டின்னா ஜெயராமன் தம்பிகிட்டதான். மெட்ராஸ்ல வாங்குனது. அந்தத் தம்பிக்கு என்ன குறச்சல்? நாளைக்கு ஜெயிச்சா பர்மனென்ட். பர்மனென்ட் ஆனா நம்ம செக்ரட்டரி சாரு பொண்ணோட கல்யாணம். ரெண்டும் கையில வந்தா மாதிரிதான்."

நான் தோளிலிருந்த சக்கரத்தை ஆனந்தமாக ஒரு சுற்று சுற்றினேன். ஆள் அகப்பட்டான். போட்டி, வேலை, பெண், மூன்றுக்கும் குறுக்கே ஒரே ஒரு பழனிவேல்!

*

ஜெயராமன் குவார்ட்டர்ஸ் வாசலில் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். இருபத்துமூன்று வயது, அப்ரண்டிஸ், குதிரைக்கால். அக்கா வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"பழனிவேலண்ணன் எடுத்திருக்க மாட்டார் மேடம்" என்றான் அவன். "அவர் இல்லாத போட்டியில ஜெயிச்சு நான் என்ன பண்ண? ஜெயிச்சேன்னு வெளிய சொல்லவே கூச்சமா இருக்கும்."

"நல்லா நடிக்கிறாருக்கா" என்று காதில் சொன்னேன்.

"ஸ்பானரை எடு" என்றார் அக்கா.

ரேஸ் வண்டியின் முன் சக்கரத்தைக் கழற்றினேன். பழனிவேலின் சக்கரத்தைப் போர்க்கில் ஏற்றினேன். ஏறவில்லை. திருப்பி வைத்தேன். தட்டிப் பார்த்தேன். டயர் போர்க் தலையில் முட்டிக்கொண்டு, பிரேக்கின் குட்டைக் கைகள் அதன் தோளில் உட்கார்ந்துகொண்டன. அச்சு அதன் பள்ளத்துக்கு ஒரு அங்குலம் கீழே தொங்கியது. ஜெயராமனும் கூடச் சேர்ந்து அமுக்கினான். குற்றவாளி என்று நான் முடிவு கட்டியவனே எனக்கு உதவி செய்ததுதான் கொடுமை.

"போகாது கலியமூர்த்தி, விடு. தம்பி, சாயங்காலம் நாலரை மணிக்கு மன்றத்துக்கு வந்துடுங்க" என்றார் அக்கா.

தெருவுக்கு வந்ததும் நான் வாய் திறந்தேன். "இருந்த ஒரு ரேஸ் வண்டியும் இல்லேன்னு ஆயிப்போச்சு. மணி மூணு. வேற எங்க போயி தேடறதுங்க்கா?"

"எதுக்குத் தேடணும்? எனக்கு வேணும்ங்கற சைக்கிளக் காலையிலயே பாத்துட்டேன். நீகூட அதுக்கு எண்ணெய் போடச் சொன்னியே."

நான் மொபெட்டிலிருந்து விழாமல் இருந்தது சாமி புண்ணியம்.

*

மணி நாலரை. மன்றத்து வராந்தாவில் லிஸ்ட் ஒட்டியிருந்தது. பழனிவேலின் பெயர்மேல் சிவப்புக் கோடு. கீழே சாமியம்மாளும் அவள் புருஷனும் நின்றார்கள். ஆள் ஒல்லி, உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். ஜெயராமன் வந்திருந்தான். சங்கரலிங்கம் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

சர்ர், சர்ர் என்று சக்கரபாணி வந்து இறங்கினார்.

"சார், நான் ஒரு சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன்" என்றார் அக்கா. "உங்க வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. வெளிநாட்டு வண்டியா?"

"ஆமாம்மா. இங்க வேலைக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போறப்போ வித்துட்டுப் போனது. வளைஞ்ச ஹேண்டில் எனக்கு ஒத்துக்கல, மாத்திட்டேன்."

"பின்னால மட்கார்டு இருக்கு. முன்னால காணோமே?"

"அது... ஆணி லூசாகி விழுந்துடுச்சு."

"இதுல தடி டயர் போகுமா?"

"எங்க போகும்? மெல்லிசு டயர் வண்டிம்மா இது. தடி டயர் போடவே முடியாது."

"கலியமூர்த்தி" என்றார் அக்கா.

அவர் தடுப்பதற்குள் நான் இரண்டு நட்டையும் கழற்றிவிட்டேன். மெல்லிய சக்கரம் வெளியே வந்தது. பழனிவேலின் சக்கரம் சொந்த வீட்டுக்குள் போவதுபோல் உள்ளே போனது. அச்சு பள்ளத்தில் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் விரல் விட்டேன், தாராளமாகப் போனது. சுற்றிவிட்டேன். சத்தமே இல்லை. அக்கா பிரேக்கை அழுத்தினார். இரண்டு கட்டைகளும் ரிம்மின் விலாவில், காலையில் பார்த்த கறுப்புக் கறையின் மேலேயே, அச்சுப் பிசகாமல் வந்து கவ்வின.

"இப்போ சாரோட சக்கரத்தைப் பாருங்க" என்றார் அக்கா சங்கரலிங்கத்திடம். "டயரோட ஓரம் ரெண்டு பக்கமும் உரசி நூல் தெரியுது. ஏன்னா வியாழக்கிழமை பெரிய ரிம்முக்காகப் பிரேக் கட்டையைத் தூக்கி வெச்சார். திரும்ப இறக்கத் தெரியல. தனகோட்டி கடைக்குக் கொண்டு போனா 'எதுக்கு சார் தூக்குனீங்க'ன்னு கேப்பார். அதனால ரெண்டு நாளா உரசிக்கிட்டே ஓட்டறார். மட்கார்டும் திரும்ப ஏறல. பேண்டெல்லாம் செம்மண்."

சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டோக்கன் இல்லாம சைக்கிள் வெளிய வராது. சக்கரம் வரும்" என்றார் அக்கா. "இவர்கிட்ட மன்றத்துச் சாவி இருக்கு. ஜன்னல் வெறும் வேஷம். தடம்தான் இவருக்கு வேணும். சங்கரலிங்கம் சார், கேரம்போர்டு வைக்கிற அலமாரியைத் திறக்கச் சொல்லுங்க. இங்க பூட்டியிருக்கிறது அது ஒண்ணுதான். கப்பு இந்தக் கட்டடத்த விட்டு வெளிய போயிருக்காது."

சங்கரலிங்கம் கையை நீட்டினார். சக்கரபாணி சாவியைக் கொடுத்தார். இரண்டு நிமிஷத்தில் கப்பு, பழைய கேரம்போர்டுகளுக்குப் பின்னாலிருந்து நூலாம்படையோடு வெளியே வந்தது.

"மாமா, நீங்களா?" என்றான் ஜெயராமன்.

"உனக்காகத்தான்டா! நீ பர்மனென்ட் ஆகாம என் பொண்ணை எப்படிக் கொடுக்கிறது?" சக்கரபாணியின் குரல் உடைந்தது. அடுத்த நொடியே அது கெட்டியாகிவிட்டது. அவர் பழனிவேலைக் கை காட்டினார். "நான் போனா இவனும் போவான் சார். கேளுங்க இவனை, வியாழக்கிழமை எங்க இருந்தான்னு! பரமசிவம் பேர்ல மைன்ஸ்ல இருந்தான். ஆள் மாறாட்டம்! எனக்குத் தெரியும். அதனாலதான் வாயைத் திறக்க மாட்டான்னு இவனைப் பிடிச்சேன்."

சாமியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் அவளுடைய ஒன்பது வருஷமும் இருந்தது. அக்காவின் முகமே வெளுத்துவிட்டது. 

பழனிவேல் முன்னால் வந்தான்.

"ஆமாங்க. அவரு வூட்ல பிரசவம். நான்தான் எறங்குனேன். பரமசிவத்து மேல தப்பு இல்லீங்க. என் பேர மட்டும் எழுதிக்குங்க."

சங்கரலிங்கம் நோட்டைப் புரட்டினார். நிதானமாக மீசையைத் தடவினார்.

"காண்ட்ராக்ட் ஆளுங்க வருகைப் பதிவு, அந்த மஸ்டரை நேத்து நான் பார்த்தேன். வியாழக்கிழமை முதல் ஷிப்ட், பரமசிவம், ஆஜர்னு இருக்கு. சரிபார்த்தேன்னு கீழ ஒரு கையெழுத்தும் இருக்கு. யார் கையெழுத்து சக்கரபாணி?"

சக்கரபாணி நோட்டை எட்டிப் பார்த்தார்.

"டைம் ஆபீஸ்ல நீங்கதானே போட்டீங்க? தெரிஞ்சே பொய் மஸ்டர்ல கையெழுத்துப் போட்டேன்னு எழுதிக்கட்டுமா? சொல்லுங்க, எழுதறேன். அதுக்குத் தனியா ஒரு பக்கம் இருக்கு."

"இல்ல... வேண்டாம். பரமசிவம்தான் இருந்தான்."

"அப்போ ரெஜிஸ்டர் சரி." சங்கரலிங்கம் பழனிவேலைப் பார்த்து அதட்டினார். "நீ என்னய்யா, வந்து நிக்கறே, இல்லாத கதையெல்லாம் சொல்றே? உன்னை யாராவது கேட்டாங்களா? போய் அந்தப் பக்கம் நில்லு."

பழனிவேல் போய் நின்றான். சாமியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.  நான் வேறு பக்கம் திரும்பித் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

"கப்பு விஷயத்துக்கு ஆபீஸுக்குப் போகணும். அதுக்கு முன்னால லிஸ்ட்ட சரி பண்ணுங்க. இன்னும் நீங்கதான் செக்ரட்டரி" என்றார் சங்கரலிங்கம்.

சக்கரபாணி பேனாவை எடுத்தார். பழனிவேல் என்று புதிதாக எழுதினார். 

அப்போது ஜெயராமன் அந்தப் பச்சை சைக்கிளை நகர்த்திக்கொண்டு வந்தான்.

"அண்ணே, நாளைக்கு இதுல வாங்க. ரோட்டுல பாதி தூரம் ஜல்லி. உங்க சாதா வண்டி கனம், என் வண்டிக்கு டயர் மெல்லிசு. இருக்கறதுலயே நல்ல வண்டி இதுதான், அதுவும் உங்க சக்கரத்தோட. சாதா வண்டியில வந்த உங்களைத் தோக்கடிச்சேன்னு ஒருத்தரும் என்னைச் சொல்லக் கூடாது."

"அது செக்ரட்டரி சார் வண்டிப்பா" என்றான் பழனிவேல்.

"சார் குடுப்பார். என்ன மாமா?"

சக்கரபாணி தன் வருங்கால மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அவன் கண்ணை எடுக்காமல் நின்றான். அவர் மெதுவாகத் தலையசைத்தார்.

கேரியரைக் கழற்றி டிபன் பாக்ஸை அவர் கையிலேயே கொடுத்தேன். பழனிவேல் மன்றத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு போனான். இரண்டாவது ரவுண்டில் எங்களைக் கடந்தபோது செம்மண் என் சட்டையில் தெறித்தது. மூன்றாவது ரவுண்டு முடிந்து அவன் இறங்கியபோது ஜெயராமன் கைக்கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தான்.

"எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டாள் சாமியம்மாள்.

"போவச் சொல்றதுக்கு முன்னாடியே போவுது" என்றான் பழனிவேல்.

"சீக்கிரம், மணி அஞ்சாகப் போகுது" என்றார் சங்கரலிங்கம். "லிஸ்ட்ல இன்னும் ஒரு கட்டம் காலியா இருக்கு. வண்டி யாருடையதுன்னு எழுதணும்."

சக்கரபாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பழனிவேலின் பெயருக்கு நேரே, அந்தக் கட்டத்தில், தன் பெயரைத் தானே எழுதினார்.